ஆறு கால்களில் எது நொண்டி

எலும்பு ஆராய்ச்சிக் கூடத்தின் பின்பக்கக் கொட்டிலில் செம்மறி ஆடுகளைப் பார்த்துக்கொள்பவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளம் போடுகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோளில் எப்போதும் ஒரு கயிறு தொங்கும், ஆகவே கயிறண்ணன். குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாரா மாட்டாரா என்று கூடத்தில் ஒரு பந்தயம்கூட ஓடியது. அவர் வீட்டம்மாவிடம் போய்க் கேட்கும் தைரியம் யாருக்கும் வராததால் பந்தயம் இன்றுவரை அந்தரத்தில் நிற்கிறது.

இங்கே வருவதற்கு முன்பு அவர் தானியக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பாதி வயசு முழுக்கத் தூக்கினார். பிறகு இந்தக் கூடத்தில் தரை துடைக்கச் சேர்ந்தார். துடைப்பத்தோடு கொட்டில் பக்கம் போனால் ஆடுகள் எல்லாம் எழுந்து பின்னாலேயே வரும். துரத்தினாலும் வரும். டாக்டர்களுக்கு முதுகைக் காட்டும் ஆடுகள் இவருக்கு மட்டும் முகத்தைக் காட்டுவதைப் பார்த்து, துடைப்பத்தை வாங்கிக்கொண்டு கயிற்றைக் கொடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான். ஆடுகள் போட்ட ஓட்டில் ஜெயித்தது.

கூடத்தில் நடந்த ஆராய்ச்சி கேட்பதற்குச் சுலபம். விபத்தில் கால் நொறுங்கி, எலும்பில் ஒரு துண்டே காணாமல் போய்விட்டால் அந்த இடைவெளியை எதை வைத்து அடைப்பது? இடுப்பெலும்பில் கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பது பழைய வழி. அதற்குப் பதிலாக இவர்கள் ஒரு வெள்ளைப் பசை செய்திருந்தார்கள். வைத்தால் கல்லாக இறுகும். பிறகு உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு அந்த இடத்தில் சொந்த எலும்பைக் கட்டிக்கொள்ளும். ஆடுகளின் பின்னங்காலில் அறுவை செய்து சிலவற்றுக்குப் பசையும் சிலவற்றுக்கு இடுப்பெலும்பும் வைத்திருந்தார்கள். எதற்கு எது என்று கயிறண்ணனுக்குத் தெரியாது. பெரிய டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று அதைக் கம்ப்யூட்டருக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். தனக்கே தெரியாமல் தானே பூட்டிக்கொள்ளும் இந்தப் படிப்பாளிகளை நினைத்தால் கயிறண்ணனுக்குத் தலை சுற்றும்.

வாரத்துக்கு ஒருமுறை நடைச் சோதனை. நீளமான அறை, ரப்பர் விரிப்பு, அதற்கு அடியில் எடைத் தட்டுகள், இரண்டு பக்கமும் கேமராக்கள். ஒவ்வொரு ஆட்டையும் கயிற்றில் பிடித்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடத்திப் போக வேண்டும். நொண்டும் ஆடு அடியெடுத்து வைக்கும்போது தலையைத் தாழ்த்தும். கம்ப்யூட்டர் அந்தத் தலையாட்டலைப் பிடித்துக்கொண்டு மதிப்பெண் போடும்.

கூத்து அங்கேதான் தொடங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு சுவர் எழுப்பியது போலச் சேர்ந்திருந்தது. நடையில் எல்லா ஆடும் நொண்டியது. பசை வைத்ததோ இடுப்பெலும்பு வைத்ததோ, எதுவாக இருந்தாலும் நொண்டியது. போதாக்குறைக்கு, அறுவையே செய்யாமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்திருந்த ஆடும் நொண்டியது.

"அதுக்கு ஒண்ணுமே பண்ணலையே! அது ஏன்ம்மா நொண்டுது?" என்றார் பெரிய டாக்டர்.

"தெரியல சார். மத்ததைப் பாத்து நொண்டுதோ என்னவோ," என்றாள் ஆராய்ச்சிப் பெண். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அவள் வேலை. பாவம், தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"ஆடு என்ன ஃபேஷனா பாக்குது?"

விரிப்பை மாற்றினார்கள். கேமராவை மாற்றினார்கள். பெரிய டாக்டர் தன் கண்ணாடியைக்கூட மாற்றினார். ஆடுகள் நொண்டுவதை மாற்றவில்லை.

இத்தனைக்கும் நடுவில் கயிறண்ணனின் இடது முட்டியை யாரும் பார்க்கவில்லை. அது எழுந்தால் 'டொக்' என்னும், உட்கார்ந்தால் 'டொக் டொக்' என்னும். காலையில் படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்னால் அதனிடம் சமாதானப் பேச்சு நடத்த வேண்டியிருந்தது. கூடத்தின் சுவர் முழுக்க முட்டிப் படங்கள்தான்: தேய்ந்த முட்டி, வீங்கிய முட்டி, உள்ளே இரும்பு வைத்த முட்டி. அவற்றுக்குக் கீழேயே கயிறண்ணன் விந்தி விந்திப் போவார். மூட்டு வியாதிக்கே வாழ்க்கையைக் கொடுத்தவர்கள் எதிரே வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு நாலு காலில் வந்தால்தான் கண்ணில் படும் போல.

அவரும் வாயைத் திறக்கவில்லை. காரணம் ஸ்டோர் ரூம். முன்பு ஆடு பார்த்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது, "பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று அன்பாகச் சொல்லி ஸ்டோர் ரூமில் கையுறை எண்ண உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. பேசுவதற்கு ஒரு ஈகூடக் கிடையாது. அந்த மனுஷன் அட்டைப் பெட்டிகளோடு பேசத் தொடங்கியதைக் கயிறண்ணன் கதவிடுக்கில் தன் காதாலேயே கேட்டிருக்கிறார். அன்றைக்கே தீர்மானித்துவிட்டார்: முட்டி வெடித்தாலும் சரி, மூச்சு விடக்கூடாது.

வீட்டில் அந்தப் பருப்பு வேகவில்லை. அவர் மனைவி தையல்காரி.

"ஏங்க, இங்க வாங்க. இந்த பேண்ட்டைப் பாருங்க," என்று அடி மடிப்பைத் தூக்கிக் காட்டினாள். "வலது பக்கம் புதுசு மாதிரி இருக்கு. இடது பக்கம் எலி கடிச்ச மாதிரி நைஞ்சு போயிருக்கு. ஒரு காலை மட்டும் தரையில தேய்ச்சுக்கிட்டே போறீங்களா?"

"ஆடு கடிச்சிருக்கும்."

"ஆமா, அளவெடுத்து இடது பக்கம் மட்டும் கடிக்குது. நல்லாப் பழக்கி வெச்சிருக்கீங்க."

சிவப்பு நூல்தான் கையில் இருந்தது. அதையே போட்டுத் தைத்துக் கொடுத்தாள். கறுப்பு பேண்ட்டில் சிவப்புத் தையல். வேண்டுமென்றே செய்தாளா என்று அவருக்குச் சந்தேகம். கேட்கவில்லை. கேட்டால் பேச்சு முட்டிக்கு வந்துவிடும்.

ஒரு நாள் பெரிய டாக்டர் கொட்டிலுக்கே வந்தார். வழக்கமாக வரமாட்டார்; வாசனை ஒத்துக்கொள்ளாது.

"கயிறு, ஒரு விஷயம். சரியாப்போன ஆடுகளைப் புல்வெளிப் பண்ணைக்கு அனுப்பிடலாம்னு இருந்தோம், உனக்குத் தெரியும். ஆனா நொண்டுறதை வலியோட விடக்கூடாதுன்னு விதி. அடுத்த சோதனையிலும் இப்படியே இருந்துச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. ஒரேயடியாகத் தூங்க வைக்கும் ஊசியைப் போடுவதைப் போல விரலை மடக்கிக் காட்டினார்.

"எல்லாத்துக்குமா சார்?"

"எல்லாம்தானே நொண்டுது."

அவர் போன பிறகு மகாராணி வந்து கயிற்றின் நுனியை மென்றது. இருக்கிற ஆடுகளிலேயே திமிர் பிடித்தது அது. மற்றவை தின்று முடித்த பிறகுதான் எழுந்திருக்கும். தனக்கென்று தனித் தீவனம் வரவேண்டும். கயிறண்ணன் அதன் நெற்றியைச் சொறிந்துகொண்டு அப்படியே நின்றார். உட்கார ஆசைதான், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் துணை வேண்டும்.

மறுநாள் ஆராய்ச்சிப் பெண் கூப்பிட்டாள். "அண்ணே, நீங்கதான் தினமும் பாக்குறீங்க. இந்த வீடியோவைக் கொஞ்சம் பாருங்களேன். எந்தக் கால்னு எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது."

படத்தை மெதுவாக ஓடவிட்டாள். திரையில் மகாராணியின் நாலு கால்கள். பக்கத்தில், இடுப்புக்குக் கீழே மட்டும், யாரோ ஒரு மனுஷனின் இரண்டு கால்கள். யாருடைய காலோ என்றுதான் அவர் முதலில் நினைத்தார். பிறகு சிவப்புத் தையல் தெரிந்தது.

சிவப்புத் தையல் தரையில் படும். கயிறு விறைக்கும். மகாராணியின் தலை தாழும். மறுபடி சிவப்பு, மறுபடி விறைப்பு, மறுபடி தலை. வேறு ஆட்டின் படம் போட்டாள். அதே சிவப்பு, அதே தலை.

ஆடு நொண்டுவதால் தான் நொண்டுகிறோமா, தான் நொண்டுவதால் ஆடு நொண்டுகிறதா என்று கயிறண்ணன் முன்னும் பின்னுமாகப் போட்டுப் பார்த்தார். எந்தப் பக்கம் போட்டாலும் கயிற்றின் மேல் முனை தன் கையில்தான் இருந்தது.

"தெரியுதாண்ணே?"

"இல்லம்மா," என்று வாய் சொல்லிவிட்டது. ஸ்டோர் ரூம் கதவு கண் முன்னால் வந்து நின்றுவிட்டது, அவர் என்ன செய்வார்.

சோதனை நாளில் ஆட்டை அழைத்து வராமல் வெறுங்கையோடு வந்தார். பெரிய டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஆடு எங்கப்பா?"

"முதல்ல நான் நடக்குறேன் சார். மெஷினைப் போடச் சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டுதான்னு வெச்சுக்கங்க. போடும்மா."

ஆராய்ச்சிப் பெண் குழப்பத்தோடு பொத்தானை அழுத்தினாள். கயிறண்ணன் ரப்பர் விரிப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக மறைக்காமல் விந்தினார். அது ஒரு சுகமாகக்கூட இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஆட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முடிவைத் திரையில் போட்டது. அவள் வாசித்தாள்: "அளவுக்கு மீறி எடை கூடிய ஆடு. இடது பக்கம் கடுமையான நொண்டல்."

பிறகு அவள்தான் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரிய டாக்டர் சிரித்தார். நடுவிலேயே நிறுத்தினார்.

"எத்தனை நாளா இது?"

"மூட்டை தூக்கின காலத்துலேர்ந்து இருக்கு சார். இப்போதான் சத்தம் போடுது."

"இத்தனை நாளா எங்ககிட்ட சொல்லாம..."

"நீங்க கேக்கலையே சார்."

பெரிய டாக்டர் சுவரில் இருந்த முட்டிப் படத்தைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது போலத்தான் இருந்தது.

கயிறே வேண்டாம் என்று முடிவாயிற்று. அந்த முனையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையில் தீவன வாளியைக் கொடுத்துக் கயிறண்ணனை உட்கார வைத்தார்கள். அவர் வாளியைத் தட்டி "ஹோ, வா வா" என்று குரல் கொடுத்தார். ஆராய்ச்சிப் பெண் ஒவ்வொரு ஆடாக அவிழ்த்துவிட்டாள். தலை நிமிர்த்தி, நேராக, பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி ஓடி வந்தன. கம்ப்யூட்டர் ஒன்றின் மேலும் குறை சொல்லவில்லை.

கடைசியில் மகாராணி வந்தது. நொண்டிக்கொண்டே வந்தது.

கயிறண்ணன் வாளியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். கயிறு இல்லை. சிவப்புத் தையல் ஸ்டூலுக்கடியில் சும்மா இருக்கிறது. பிறகு ஏன்? வாயைத் திறந்ததே இதற்காகத்தானே? தலை தாழ்ந்தது, நிமிர்ந்தது, தாழ்ந்தது.

"மறுபடி விடட்டுமா சார்?" என்றாள் அவள், மெதுவாக. மறுபடி விட்டாள். மறுபடி நொண்டியது.

எல்லாரும் அறுவை செய்த பின்னங்காலையே குனிந்து பார்த்தார்கள். அழுத்திப் பார்த்தார்கள். எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்தார்கள். கயிறண்ணன் ஸ்டூலில் கல்லாக உட்கார்ந்திருந்தார். மகாராணிக்கு இந்த வைத்தியர்களிடம் பொறுமை போய்விட்டது. நேராக அவரிடம் வந்து, வாளிக்குள் தலையை விட்டு, முன்னங்கால் ஒன்றைத் தரையில் முழுசாக ஊன்றாமல் தூக்கி வைத்துக்கொண்டு தின்றது.

முன்னங்கால்.

அவர் அதைப் பிடித்து மடியில் வைத்தார். குளம்பு நீளமாக வளர்ந்து உள்பக்கம் சுருண்டிருந்தது. சுருளுக்குள்ளே பட்டாணி அளவு ஒரு கல். கொட்டில் வாசல் சரளை. முன்பெல்லாம் வாரம் தவறாமல் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு குளம்பாகச் சீவுவார். முட்டி மடங்க மறுத்த பிறகு எட்ட நின்று பார்த்தே "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகாராணி கடைசியில் எழுந்து வருவதால் அதைக் கடைசியில், பாதி இருட்டில், பார்ப்பார்.

"சார்," என்றார். "இதுவும் என் முட்டிதான் சார்."

நகத்தால் கல்லை நெம்பி எடுத்தார். மகாராணி ஒரு தடவை உதைத்துவிட்டு, வாளியில் மிச்சம் இருந்ததைத் தின்றது. பிறகு ஆராய்ச்சிப் பெண்ணிடம் திரும்பிப் போனது. நேராகப் போனது. போகிற வழியில் கேமரா ஒன்றை முகர்ந்தது.

அன்று மாலை பெரிய டாக்டரே அவர் முட்டியைப் படம் எடுத்துப் பார்த்தார்.

"இந்தப் பசையைக் கொஞ்சம் இதுலயும் வெச்சு விடுங்களேன் சார்."

"அது எலும்புக்குப்பா. உனக்குத் தேய்ஞ்சிருக்கிறது நடுவுல இருக்கிற குருத்தெலும்பு."

"அதுக்கு எந்தப் பசை?"

"அதைத்தான் பக்கத்து ரூம்ல தேடிட்டிருக்காங்க."

கயிறண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேடுகிறவர்கள் இத்தனை பேர், தேய்ந்தவர் ஒருவர், நடுவில் ஒரே ஒரு சுவர். மருந்தும் பயிற்சியும் எழுதிக் கொடுத்தார்கள். ஸ்டோர் ரூம் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் வாளியைத் தட்டாவிட்டால் ஆடுகள் நடப்பதில்லை என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. ஆடுகளை ஏற்றிக் குளம்பு சீவ இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை வந்தது. கயிறு ஆணியில் தொங்கியது. அதன் நுனியை மகாராணி பண்ணைக்குக் கிளம்புகிற நாளுக்குள் மென்று முடித்தது. பெயர் மட்டும் மாறவில்லை. யாராவது கூப்பிட்டால் கை தானாகத் தோளுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. ஒரு கணம் எதையோ தொலைத்தவர் மாதிரி விழிப்பார்.

உட்கார்ந்திருப்பது வேலையா ஓய்வா என்பதும் அவருக்குப் பிடிபடவில்லை. மனைவியிடம் கேட்டார்.

அவள் பேண்ட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். "அடி மடிப்பு ரெண்டு பக்கமும் சரியா இருக்கு. இப்போ உக்கார்ற இடம் தேயுது."

"ஸ்டூல் கொஞ்சம் சொரசொரப்பு."

"தெரியும்," என்றாள். அவர் வாங்கிப் பார்த்தார். உட்காரும் இடத்தில் உள்பக்கமாக ஏற்கெனவே இன்னொரு துணி வைத்துத் தைத்திருந்தது. இந்த முறை கறுப்பு நூல்.