தம்பியின் எட்டுக்குக் கொண்டுபோன ரோல்ஸ்

காலை 7.40. இலண்டன் இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயில் ஏறினேன். கையில் ஒரு டப்பா, உள்ளே விடிய எழும்பிச் சுற்றிய மட்டன் ரோல்ஸ் இருபது. பாரிஸில் மாரடைப்பால் போன என் தம்பிக்கு அன்று பின்னேரம் எட்டு, செத்த எட்டாம் நாள் படையல். செத்தவீட்டுக்கு வெறுங்கையோடு ஓடிவிட்டு, வேலைக்காகத் திரும்பியிருந்தேன். பாரிஸில் லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் ரோல்ஸ் மலிவு. ஆனால் தம்பி தொடமாட்டான். “உன்ர கைதான் அண்ணை” என்பான்.

10.30. செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ரயில் கிளம்பியது. பக்கத்து இருக்கையில் லூயிஷாமில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி. மூக்கைச் சுளித்துச் சிரித்தாள்.

“அண்ணை, மட்டன் ரோல்ஸோ? பிரான்சுக்குள்ள இறைச்சி கொண்டுபோக ஏலாது. பிடிச்சா குப்பையிலதான்.”

“என்ன விசர்க்கதை! எத்தினை வருசம் கொண்டுபோனனான்!”

“அப்ப ரெண்டு நாடும் ஒரே ஐரோப்பிய ஒன்றியம். இப்ப நாங்கள் வெளியாக்கள்.”

டப்பாவை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றியத்தில் இருந்த காலத்தில் இலண்டனும் பாரிஸும் எங்களுக்கு ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. தம்பி பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு வெள்ளிக்கிழமை வந்து நிற்பான். பிறகு வளவுக்கு நடுவே வேலி வந்தது. அட்டை செல்லாது, பாஸ்போட் வேண்டும் என்றார்கள். “எடுக்கிறன் அண்ணை” என்றே காலத்தைக் கடத்தினான். நானும் ஷிப்டைச் சாட்டிக் கடத்தினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

குப்பையில் போட நான் சுற்றவில்லை. டப்பாவைத் திறந்து ரயில்பெட்டியில் இருந்த எல்லாருக்கும் கொடுத்தேன். எட்டு முடியும்வரை எனக்கு மச்சமாமிசம் ஆகாது, நான் தொடவில்லை. ஒரு பிரெஞ்சுக்காரர் உறைப்பில் கண்கலங்கி, இன்னொன்று என்று விரலைக் காட்டினார்.

பிற்பகல் 1.50, பாரிஸ். சுங்க அதிகாரி டப்பாவைத் திறந்தார். எண்ணெய்க் காகிதம்தான் இருந்தது. போ என்று தலையாட்டினார்.

லாச்சப்பலுக்குப் பத்து நிமிட நடை. ஒரு கிலோ ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, ரஸ்குத்தூள் வாங்கிக்கொண்டு நேரே தம்பி வீட்டு அடுப்படிக்குப் போனேன். அவன் மனைவி வதனி பதறினாள்.

“அத்தான், நேரம் காணாது. கடையில வாங்குவம்.”

“ஏலாது. ஆறு மணிக்குள்ள சுத்துறன்.”

அவசரத்தில் இரண்டு வெடித்துவிட்டன. மற்றவை கோணல்மாணல். ஆறு மணிக்கு வாழையிலையில் எட்டு ரோல்ஸ் இருந்தன, சுடச்சுட. அவன் படத்தைப் பார்த்து, “சாப்பிடு” என்றேன். அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் வெளிக்கிடும்போது வதனி அலுமாரியிலிருந்து ஒரு கடித உறையை எடுத்துத் தந்தாள். பாஸ்போட் விண்ணப்பம், தம்பியின் கையெழுத்தில் நிரப்பி, படமும் வைத்தபடி. கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இல்லை.

“உங்கட பிள்ளையளுக்காவது பாஸ்போட்டுக்கு இண்டைக்கே போடு,” என்றேன். “நான் மாசம் ஒருக்கா வாறன்.”

டப்பாவை அவள் அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்தேன். இறைச்சிதானே வேலி தாண்டக்கூடாது? நான் தாண்டுவேன்.