சுவரில் போடவிடாத ஓட்டை

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், சேர்த்த ரப்பர் பாலை நிறுக்கப் பால் கொட்டகை வாசலில் வாளியோடு வரிசையில் நின்றிருந்தோம். எங்களை வேலை வாங்கும் மண்டோர் ஓடிவந்து, "ஆரோக்கியம் போயிட்டான்மா" என்றார். "எங்க, கோலாலம்பூருக்கா?" என்று வழக்கம்போல் வாயாடினேன். யாரும் சிரிக்கவில்லை.

நம் கெர்லிங் தோட்டத்து மெக்கானிக் ஆரோக்கியம் அண்ணனை உங்களுக்கெல்லாம் தெரியும். பேர் ஆரோக்கியம், வாயில் எந்நேரமும் இருமல் மாத்திரை என்று கேலி செய்தவள் நான்தான். பழுது பார்த்த இன்ஜினைக் காரில் ஏற்றுமுன் வெளியே வைத்து ஓட்டிப் பார்ப்பார். அதுவும் வெட்டவெளியில். மண்ணில் புதைத்த மரச்சட்டத்தில் போல்ட் முடுக்கி, மேலே சங்கிலியும் கட்டுவார். பெட்ரோல் டின் எட்டத்தில் தொங்கும். மணல் வாளி கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். "காருக்குள்ள இருந்தா கார் பிடிச்சிக்கும். வெளிய நாமதான்லா பிடிச்சிக்கணும்" என்பார்.

ஒருநாள் புகைக்குழாயில் பப்பாளிப் பிஞ்சைச் செருகிவிட்டு ஒளிந்துகொண்டேன். இன்ஜின் திணறி நின்றது. ஸ்பேனரோடு எங்கள் லயத்து வீடுகள் வரை துரத்தினார். "ஏ வாலு! புகைக்கு வெளிய வழி விடலன்னா அது ஆளைத்தான் தேடும்!" அன்றைக்கு அதுவும் எனக்குச் சிரிப்பாக இருந்தது.

மலாயாவில் அவசரகாலம் வந்தது, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி வந்தது. வெளியே வைத்தால் பெட்ரோல் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். அதனால் வெள்ளைக்காரத் துரையின் பழைய கார் இன்ஜினைப் பூட்டிய ஸ்டோருக்குள்ளேயே ஓட்டச் சொன்னார் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் கெஞ்சியது என் காதில் விழுந்தது.

"ஐயா, கதவையாவது திறந்து வைங்க. இல்லன்னா சுவத்துல ஒரு ஓட்ட போட்டுக் குழாயை வெளிய விட்டுடறேன்."

"ஓட்டையா? அது வழியா காட்டுக்கு அரிசி போறதுக்கா? நீ யார் ஆளுடா?"

இந்தக் காலத்தில் அந்தக் கேள்விக்கு யாரால் பதில் சொல்ல முடியும்? ஒரு வார்த்தை தவறினால் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் அவர் மனைவி மேரி அக்கா நிறைமாதம். அண்ணன் உள்ளே போனார். வெளியே பூட்டினார்கள். இன்ஜின் சத்தம் நிற்காததால் உள்ளே எல்லாம் சரி என்று நினைத்தார்களாம்! கதவைத் திறந்தபோது புகைக்குள் கிடந்தாராம்.

அடக்கத்தன்று, மேரி அக்கா காதில் விழும்படி கிராணி சொன்னார்: "கவனமில்லாத பய, என்ன செய்ய." துரைக்கும் அப்படியே சொல்லிவிட்டாராம். "சாவி யார் கையில இருந்துச்சு, ஐயா?" என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்தக் கையைத்தான் இந்தத் தாளில் எழுதி விலக்கியிருக்கிறேன்.

மறுநாள் ஸ்டோரைக் கழுவும் வேலை எனக்கு விழுந்தது. மூலையில் ஒரு குழாய் கிடந்தது. சுவருக்கு அளவெடுத்து அறுத்து, யார் கையையும் கிழிக்காதபடி விளிம்பை அரத்தால் ராவி வைத்திருக்கிறார், அந்தக் கவனமில்லாத மனிதர். துடைப்பத்தோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்துவிட்டேன். எஸ்டேட் சாமானைக் காணோம் என்று கிராணி தேடுகிறார். என்னிடம்தான் இருக்கிறது, ஐயா. தரமாட்டேன். மேரி அக்காவுக்குப் பிறக்கப்போகும் பிள்ளை, அப்பா எப்படிச் செத்தார் என்று ஒருநாள் கேட்கும். அதன் கையில் கொடுப்பேன்.