நாக்கு நீட்டிய அத்தை

எங்கள் ஊர் சிங்கவரம். செஞ்சிக்கு சைக்கிளிலேயே போய் வந்துவிடலாம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அன்றைக்கு ஊரில் இருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் காப்பு அவிழ்க்கும் வரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்வதற்குள் ஊர் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். வெளியாட்களுக்கும் அதே சட்டம்தான். ஒரு வருடம் பிளாஸ்டிக் குடம் விற்க வந்த ஆள் இப்படி மாட்டிக்கொண்டு, திருவிழா முடிகிற வரை பள்ளிக்கூட வராண்டாவில் படுத்து, கூழ் குடித்துக் குடித்து உடம்பு தேறிப் போனார்.

என் அத்தை எங்கள் வீட்டில் தங்கியதும் அப்படித்தான். அம்மன் பிடித்து வைத்ததால் தங்கினாள். நாங்களாக வைத்துக்கொள்ளவில்லை.

அத்தை என்றால் என் அப்பாவின், நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவரின், ஒரே தங்கை. அனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே போன பிறகுதான் மனசு சரியில்லாமல் போனது. தூக்கம் போனது, பேச்சு போனது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து எழுந்து நடந்தாள். அந்த வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு முறை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தேடிக் கண்டுபிடித்த பிறகு, இனி முடியாது என்று நைனா அவளை ஓர் இல்லத்தில் சேர்த்தார். திருவண்ணாமலை சாலையில் செஞ்சி முடிகிற இடத்தில் இருக்கிறது. மனநலம் பாதித்த பெரியவர்களைத் தங்கவைத்து, நர்ஸ் அம்மாக்கள் பார்த்துக்கொள்கிற இடம். பெண்கள் பக்கத்து வராண்டாவில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் ராஜகிரிக் கோட்டை முழுசாகத் தெரியும். நைனா போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஒரே பதில்தான் சொல்வார். "நல்லாத்தான் இருக்குது. கோட்டையப் பாத்துனு இருக்குது."

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இல்லத்திலிருந்து போன் வந்தது. இப்போது நன்றாகத் தேறியிருக்கிறாள், இரண்டு நாள் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்திருந்து கொண்டுவந்து விடுங்கள், மனசுக்கு நல்லது என்றார்கள். நைனா வியாழக்கிழமை போய்க் கூட்டிவந்தார். காப்புக் கட்டுவது எப்போதும் ஆடி மூன்றாம் வெள்ளி, அதற்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த வருடம் ஊர்க்கூட்டத்தில் இரண்டாம் வெள்ளி என்று மாற்றிவிட்டார்கள். நைனா கூட்டத்துக்குப் போகவில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது தங்கச்சியைப் பற்றிக் கேட்டுவிடுவார்கள் என்று அவர் எந்தக் கூட்டத்துக்கும் போவதில்லை. மறுநாள் காலையில் பம்பைச் சத்தம் கேட்டு வெளியே ஓடினால், கோயிலில் காப்புக் கட்டி முடித்திருந்தார்கள்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நைனா இல்லத்துக்கு போன் போட்டு, சாமி காரியம், காப்பு அவிழ்க்கிற வரை அனுப்ப முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அந்தப் பக்கம் பேசிய சிஸ்டரின் குரல் எனக்கே கேட்டது.

"திருவிழா நல்லா நடக்கட்டும்ங்க. ஆனா மாத்திரைய மட்டும் ஒருவேளை கூட விட்டுடாதீங்க. கையில குடுத்துட்டுப் போயிடாம பக்கத்துல நின்னு பாருங்க."

நைனா அன்றைக்கே பகல் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கிவந்தார். அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார். "பத்து நாள் பாக்கலாம். நல்லா இருந்துச்சுன்னா இங்கயே இருக்கட்டுமே. எதுக்கு அங்க போட்டு வெச்சினு?"

அத்தை கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். தேர்வு அறைக்குள் போகிற பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

அன்று முதல் அத்தை எங்கள் வீட்டில் நன்றாக இருக்கத் தொடங்கினாள். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நன்றாக இருப்பதையே ஒரு வேலையாகச் செய்தாள். விடிவதற்கு முன் எழுந்து, போர்வையைச் சதுரமாக மடித்துத் தலையணைமேல் வைப்பாள். குளித்து, தலை பின்னி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படி வாசலில் நிற்பாள். உட்கார் என்று சொன்னால்தான் உட்காருவாள். கொல்லைக்குப் போவதென்றாலும், "அண்ணி, போயிட்டு வரட்டா?" என்று கேட்பாள். அம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. "போயேம்மா, இதுக்கெல்லாம் இன்னாத்துக்கு என்னைக் கேக்குற? இது உங்க அண்ணன் வீடு" என்றாள். அடுத்த முறையும் அத்தை கேட்டுவிட்டுத்தான் போனாள்.

திருவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தார்கள். எல்லாரும் அம்மாவிடம், "இப்ப எப்படிக் கீது?" என்று கண்ணாலேயே அத்தையைக் காட்டிக் கேட்டார்கள். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. அவள் மூலையில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருப்பாள். பேச்சு அவளைச் சுற்றிக்கொண்டு போகும்.

மாத்திரை காலையும் ராத்திரியும், சாப்பிட்ட பிறகு. அம்மா அத்தையின் உள்ளங்கையில் மாத்திரையைக் கொட்டிவிட்டு, சொம்பு நீரைக் கையில் கொடுத்துவிட்டு, "போட்டுக்கோம்மா" என்று சொல்லியபடியே ஓடிவிடுவாள். அவள்மேல் குறை சொல்ல முடியாது. வீடு நிறைய ஆள், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், கேழ்வரகு அரைக்கக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்க்க நேரம் ஏது? அத்தை விழுங்கிவிட்டுச் சுற்றும் முற்றும் பார்ப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு நான் மட்டும் இருப்பேன். அத்தை என் பக்கம் திரும்பி, கண்ணை அகல விரித்து, நாக்கை முழுசாக வெளியே நீட்டுவாள். பிறகு நாக்கை மடித்து மேலே தூக்குவாள்.

எனக்குச் சிரிப்புத் தாங்காது. பதிலுக்கு நானும் நாக்கை நீட்டுவேன். அவள் மாதிரியே மடித்துத் தூக்கிப் பார்ப்பேன், வராது. அத்தை திடுக்கிட்டுப் பார்ப்பாள். இரண்டு நாள் கழித்து அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த வீட்டில் அவளோடு விளையாட ஓர் ஆள் கிடைத்தேன் நான். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது. எனக்கும் அவள்தான்.

கூழ் ஊற்றுகிற நாள் வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் வரை பச்சைத் தண்ணீர்கூட யாரும் குடிக்க மாட்டோம். அத்தை காலையிலேயே அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, மாத்திரை?"

"வெறும் வவுத்துல போடக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிக்கீதில்ல. கூழு ஊத்தி முடிக்கட்டும், கோயிலாண்டயே தரேன்."

அத்தை போனாள். சற்று நேரத்தில் மறுபடி வந்து நின்றாள். வேளை தப்புகிறதே என்று அவளுக்குப் பதற்றம். அம்மா மாத்திரையைப் புடவைத் தலைப்பில் முடிந்து காட்டிய பிறகுதான் சமாதானமானாள்.

கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ். வேப்பிலைத் தோரணம், பம்பை, சிலம்பு, ஸ்பீக்கர் எல்லாம் சேர்ந்து காதை அடைத்தது. பூசாரி படையல் போட்டு, கற்பூரம் காட்டி, முதல் கூழ் ஊற்றினார். அம்மா ஒரு சொம்புக் கூழை அத்தையிடம் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, முடிச்சை அவிழ்த்து மாத்திரையையும் கையில் வைத்துவிட்டு, மற்றவர்களுக்கு ஊற்றப் போய்விட்டாள். நான் கூழுக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம் வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அத்தை மாத்திரையை விழுங்கினாள். வழக்கம்போல் சுற்றும் முற்றும் பார்த்தாள். என்னைத் தேடினாள் என்று இன்றைக்கு நினைக்கிறேன். பக்கத்தில் மேலத்தெருக் கிழவி ஒருத்திதான் நின்றாள். அத்தை அவளைப் பார்த்துக் கண்ணை அகல விரித்து, நாக்கை முழுசாக நீட்டினாள்.

"தாயே! அம்மா வந்துட்டா!" என்று கிழவி கத்தினாள்.

பம்பைக்காரர் அங்கே திரும்பி அடியை மாற்றி அடித்தார். யாரோ ஒருத்தி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அத்தை தலையில் ஊற்றினாள். இன்னொருத்தி வேப்பிலையைக் கையில் திணித்தாள். கற்பூரம் கொளுத்திவிட்டார்கள். அத்தை நனைந்துபோய், நடுங்கிக்கொண்டு, இவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, நாக்கை இன்னும் நீட்டி, மடித்து மேலே தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள். கூட்டம் "ஓம் சக்தி! பராசக்தி!" என்று அலறியது. அவ்வளவு நாள் அவள் முகத்தைப் பார்க்காத ஊர், விழுந்து கும்பிட்டது.

"யாரு தாயி வந்துக்கறது? வாயத் தொறந்து சொல்லு. எம் மருமவளுக்குக் கொழந்த தங்குமா தாயி?" என்று கிழவி அவள் காலைப் பிடித்தாள்.

பம்பை நின்றது. அத்தை எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"முழுங்கிட்டேங்க்கா. நெஜமா முழுங்கிட்டேன். உள்ள ஒண்ணும் இல்ல, பாருங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. அப்புறம் பம்பைக்காரர்தான் ஆரம்பித்தார். "இன்னா ஆயா, மாத்திரைக்கா சூடம் காட்டுன?" கூட்டம் மொத்தமும் சிரித்தது. கிழவி அவமானத்தில் எழுந்து, "பைத்தியத்த எல்லாம் சாமி எடத்துக்கு இட்டாந்தா இப்படித்தான்" என்று புடவையை உதறிக்கொண்டு போனாள். என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஒருவரைப் பார்த்து ஒருவர் நாக்கை நீட்டிக்கொண்டு ஓடினார்கள். எங்கள் விளையாட்டு ஊர் விளையாட்டாகிவிட்டதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அத்தை ஈரப் புடவையோடு நைனாவைத் தேடிப் பிடித்தாள். "அண்ணே, நான் ஒண்ணும் பண்லண்ணே. மாத்திரதாண்ணே போட்டேன்."

நைனா தரையைப் பார்த்தபடி, "தெரியும்மா. வூட்டுக்குப் போ" என்றார்.

காப்பு அவிழ்த்த அன்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அது மேல தப்பு இல்லீங்க. பாவம், எவ்ளோ அடக்கமா இருந்துச்சு."

"தப்புன்னு நான் சொன்னேனா? தெருவுல நடக்க வுடுவாங்களா இத? பாக்கறவன்லாம் நாக்க நீட்டுவான். அங்கன்னா சிரிக்க ஆளு இல்ல."

மறுநாள் அத்தையைக் கொண்டுபோய் விடும்போது நானும் போனேன். பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் கை கட்டிக்கொண்டு வந்தாள். இல்லத்தில் அப்போதுதான் காலைச் சாப்பாடு முடிந்திருந்தது. வராண்டாவில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். சிஸ்டர் ஒவ்வொருவருக்கும் சின்ன மூடியில் மாத்திரையும் தம்ளரில் தண்ணீரும் கொடுத்தார். விழுங்கியதும் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து நாக்கை நீட்டினார்கள். மடித்து மேலே தூக்கினார்கள். சிஸ்டர் குனிந்து பார்த்து, தோளில் தட்டி, "சரிம்மா, போங்க" என்றார். நரைத்த பாட்டிகூட நீட்டினாள். பெரியவர்கள் எல்லாரும் நாக்கு நீட்டி விளையாடுகிற ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறதே, அத்தைக்கு என்ன குறை என்று நினைத்தேன்.

சிஸ்டர் நைனாவிடம் கேட்டார். "வேளாவேளைக்குப் போட்டாங்களா? பக்கத்துல நின்னு பாத்தீங்களா?"

"பாத்தோம் சிஸ்டர்" என்றார் நைனா.

அத்தை நைனாவின் முகத்தையே பார்த்தாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து, "வாங்க, உங்க கட்டில் அப்படியேதான் இருக்கு" என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். கம்பிக் கதவைச் சாத்தினார்கள்.

இப்போது எனக்கும் குடும்பம், பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. ஆடி வந்தால் நானும் கூழ் ஊற்றுகிறேன். அன்றைக்குக் கோயில் வாசலில் அம்மன் இருந்தாளா என்று கேட்டால், இருந்தாள் என்றுதான் சொல்வேன். அவள் பேரைச் சொல்லியே அத்தை அந்த ஊரில் இருந்திருக்கலாம், யாரும் அசைத்திருக்க முடியாது. என் அத்தைக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. கற்பூரத்தட்டு இறக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

கதவு சாத்திய பிறகு அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். கண்ணை அகல விரித்து, நாக்கை முழுசாக நீட்டினாள். மடித்து மேலே தூக்கினாள். அப்போது அவளுக்கு யாரும் மாத்திரை கொடுத்திருக்கவில்லை. அந்தக் காலையில் அவள் எதை விழுங்கினாள் என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை. அத்தை விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, நானும் சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டினேன். அந்த முறை எனக்கும் மடிந்தது.