கிளெமென்ட் ஹூடக் பரிந்துரைத்த ஆறு புத்தகங்கள்

வாரத்தில் மூன்று நாள் கிளெமென்ட் ஹூடக்கை டயாலிசிஸ் மையத்தில் கொண்டுபோய் விட்டு, நாலு மணி நேரம் கழித்துத் திரும்பக் கூட்டி வருவது என் வேலை. உடம்புக்கு முடியாதவர்களுக்காகக் கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட நிர்வாகம் நடத்தும் வேனை ஓட்டுகிறேன். திங்கள், புதன், வெள்ளி காலையில் மொனொங்கஹேலா ஆற்றங்கரையில் அவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், ஒரு கையில் கைத்தடியும் மறு கையில் புத்தகமுமாகப் படியிறங்கி வருவார். எல்லாமே அமெரிக்க வரலாறு. வேறு எதையும் அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

முப்பத்தோரு வருடம் ஆற்று அணையில் நீர்க்கதவு இயக்குபவராக இருந்தவர். நிலக்கரி ஏற்றிய தெப்பங்களைத் தள்ளிக்கொண்டு படகு வந்தால் கதவைத் திறந்து உள்ளே விட வேண்டும், தண்ணீர் மட்டம் இறங்கியதும் மறுபக்கத்துக் கதவைத் திறந்து அனுப்ப வேண்டும். ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் நடுவில் சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே மேஜை இழுப்பறையில் யாரோ விட்டுப்போன புத்தகம் ஒன்று கிடைத்தது. கையால் கால்வாய் வெட்டிய கூலிக்காரர்களைப் பற்றியது. அன்று பிடித்ததுதான். கல்லூரி வாசலை மிதிக்காத மனிதர் ஆயிரத்து நூறு புத்தகம் படித்துவிட்டார்.

"ஆயிரத்து நூறு புத்தகம் தெரியும் லூத்தர். அதைப் பத்திப் பேச ஒரு ஆள் தெரியாது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அவர் முயற்சி பண்ணாமல் இல்லை. அரிசோனாவில் இருக்கும் மகளுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு புத்தகம் அனுப்புவார். ஒரு வருடம் அவள் வீட்டுக்குப் போனபோது பதினேழு புத்தகமும் வரிசையாக அலமாரியில் இருந்ததாம். அதில் ஒன்பது, கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் இருந்தது. என்னிடமும் ஒன்று தந்தார். ஏரியில் பனிக்கட்டி வெட்டிக் கப்பலில் தெற்கே அனுப்பி வியாபாரம் செய்தவர்களின் கதை.

"பனிக்கட்டி புத்தகம் எது வரைக்கும் வந்திருக்கு?" என்று ரெண்டு வாரம் கழித்துக் கேட்டார்.

"பாதி தாண்டிட்டேன் மிஸ்டர் ஹூடக்."

"நல்லது. முதல் கப்பல்ல போன பனிக்கட்டி என்ன ஆச்சு?"

"உருகிடுச்சு."

"உருகலை. உருகலைங்கறதுதான்ய்யா புத்தகமே. முதல் அத்தியாயம்."



வேனில் அவருக்குப் பக்கத்து இருக்கை வெர்னா ஸ்லிவ்காவுக்கு. எழுபத்தோரு வயது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் கரண்டி பிடித்தவள். சிறுநீரகம் கெட்டதால் உருளைக்கிழங்கு தின்னக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உலகத்தின் மேலேயே கோபமாக இருந்தாள். இவளுக்குப் பொருத்தமானது என்று தேடிப்பிடித்து, டப்பாவில் உணவு அடைக்கும் தொழில் இந்த நாட்டில் எப்படி வந்தது என்கிற புத்தகத்தைக் கொடுத்தார் ஹூடக்.

"யோவ், முப்பது வருஷம் டப்பாவை உடைச்சு உடைச்சுக் கொட்டினவ நான். இப்ப உக்காந்து அதைப் படிக்கச் சொல்றியா?"

ஆனால் திருப்பித் தரவில்லை. ஊசி குத்தியிருக்கும் கைக்கு அடியில் அதை வைத்துக்கொண்டாள். சரியான உயரமாம். "நல்ல புத்தகம். கை மரத்துப்போகலை" என்று பாராட்டு வேறு.

எங்கள் ஊர் நூலகத்தில் வாசல் பக்கமாக ஒரு சின்னப் புத்தகத் தட்டு உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டு, அவருக்குப் பிடித்த ஆறு புத்தகங்களை அதில் வைப்பார்கள். ஒவ்வொன்றின் கீழும் அவர் கையாலேயே நாலு வரி எழுதிய அட்டை இருக்கும். ஹூடக்குக்கு முன்னால் வைத்தவர் பல் டாக்டர். ஆறும் துப்பறியும் கதைகள். ஒரே வாரத்தில் தட்டு காலியானது. அடுத்து ஹூடக்கை வைக்கச் சொல்லிக் கேட்டாள் நூலகர் கோரின்.

அந்த ஆறைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஐந்து வாரம் பிடித்தது. நாங்களும் அந்த ஐந்து வாரத்தை அனுபவித்தோம். திங்கட்கிழமை முள்கம்பி வேலி பற்றியது உள்ளே, ஊருக்கு ஊர் வேறாக இருந்த கடிகாரங்களை ஒன்றாக்கிய ரயில்வே நேரம் பற்றியது வெளியே. புதன்கிழமை வேலி வெளியே, நேரம் உள்ளே.

"பைபிள்ல எதைச் சேக்கறது எதை விடறதுன்னுகூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்க" என்றாள் வெர்னா.

"ஆறுதான் இடம். அறுநூறு இருந்தா நான் ஏன் யோசிக்கப்போறேன்?"

கடைசியில் கால்வாய், பனிக்கட்டி, முள்கம்பி, ரயில்வே நேரம், அரசாங்கம் தருவதாகச் சொன்ன பணத்தைக் கேட்டுத் தலைநகருக்கு நடந்துபோன பழைய சிப்பாய்கள், ஓட்டர் ஹாலோ சுரங்க வெடிப்பு என்று முடிவானது. ஓட்டர் ஹாலோ எங்கள் ஊரிலிருந்து பத்து மைல். 1911இல் நடந்தது. அதைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய புத்தகத்தை ஹூடக் நாலு தடவை படித்திருந்தார். "இதைவிட நேர்மையா எழுதின சரித்திரப் புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை" என்று அட்டையில் எழுதினார்.

ஏழு வாரம் ஒருவரும் ஒன்றையும் எடுக்கவில்லை. டயாலிசிஸ் இல்லாத செவ்வாயும் வியாழனும் நூலகத்துக்குப் போய்த் தட்டுக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். வந்தவர்கள் அட்டையைப் படிப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். ஒருவர் அவரிடமே வந்து, "ஜனாதிபதிங்களைப் பத்தி எதுவும் இல்லையா?" என்று கேட்டாராம். இன்னொருவருக்குச் சண்டைப் புத்தகம் வேண்டியிருந்தது.

"பீரங்கி வெடிச்சாத்தான் இவங்களுக்குச் சரித்திரம். கால்வாய் வெட்டினவன் எல்லாம் தானா முளைச்சானா?" என்று வேனில் குமுறினார்.

எட்டாவது வாரம் சுரங்கப் புத்தகத்தைக் காணவில்லை. வெள்ளிக்கிழமை வேனில் ஏறியவருக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. யார் எடுத்தது என்று கோரினிடம் கேட்டிருக்கிறார். யார் எதை எடுத்தார்கள் என்று வெளியில் சொல்லக் கூடாது, அது விதி என்றாளாம் அவள்.

"ஒரே ஒருத்தர். என் ஆயுசுல ஒரே ஒருத்தர் நான் சொன்ன புத்தகத்தை எடுத்திருக்காரு. அது யாருன்னு எனக்குத் தெரியக் கூடாதாம்."

முடிவெட்டும் கடையில் விசாரித்தார். தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை பியெரோகி கொழுக்கட்டை விற்கும் பெண்களிடம் விசாரித்தார். பலனில்லை. வெர்னா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். அவள் அப்படி வாயை மூடிக்கொண்டு வருவது வழக்கமில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை, திரும்பி வரும் வழியில், பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து ஹூடக்கின் மடியில் போட்டாள்.

"நூத்தி நாப்பத்தி மூணாம் பக்கம். படி. சத்தமாப் படி, லூத்தரும் கேக்கட்டும்."

அவர் பார்க்காமலே சொன்னார். அவ்வளவு தெரியும் அவருக்கு. காலை ஷிப்டுக்கு முன்னால் தனியாக உள்ளே போய், தீப்பிடிக்கும் வாயு தேங்கியிருக்கிறதா என்று விளக்கை வைத்துச் சோதிக்க வேண்டிய ஆள் ஆண்ட்ரூ பாவ்லிக். அன்று அவன் உள்ளே போகாமலே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அதனால் எழுபத்தாறு பேர் செத்தார்கள்.

"பாவ்லிக் என் அப்பாவைப் பெத்தவர்" என்றாள் வெர்னா. "என் அப்பாவுக்கு அப்ப ஒம்பது வயசு. விளக்கை எடுத்துக்கிட்டு அவர் கிளம்பினதை அப்பா கண்ணால பாத்தாரு. மூணு நாள் கழிச்சு பூட்ஸை வெச்சு அடையாளம் காட்டினதும் அப்பாதான். உள்ளே போகாத ஆளோட பிணம் எப்படிய்யா உள்ளே கிடக்கும்?"

நான் வண்டியின் வேகத்தைக் குறைத்தேன்.

"வெர்னா, அவர் அப்புறமா ஷிப்டு ஆளுங்களோட போயிருக்கலாம்" என்றார் ஹூடக். "இதுக்கு அடிக்குறிப்பு இருக்கு. விசாரணையில ஒருத்தர் சாட்சி சொல்லியிருக்காரு. விசாரணைப் பதிவுல பக்கம் இருநூத்திப் பன்னெண்டு."

"அடிக்குறிப்பு. எங்க அப்பா பொய் சொன்னாரா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"இதைவிட நேர்மையான புத்தகம் இல்லைன்னு எழுதி வெச்சிருக்கியே. உன் கையெழுத்துதானே அது?"

அடுத்த ஆறு பயணங்களில் அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஹூடக் என்னிடம் மட்டும் பேசினார், அதுவும் வெர்னா மையத்துக்குள் போன பிறகு. இருபது வருடமாக அந்தப் புத்தகத்தைப் புகழ்ந்து வந்தவர், அந்த அடிக்குறிப்பை ஒருநாளும் சோதித்துப் பார்த்ததில்லையாம். அதுதான் அவரை அரித்தது. விசாரணைச் சாட்சியங்களின் மூலப் பிரதி நீதிமன்றத்தின் நிலவறையில் இருந்தது. அந்தச் சாட்சியம் வரும் பகுதிக்கு நகல் கேட்டு எழுதினார். ஆறு வாரம் காத்திருந்தார். தட்டுக்கு அவருக்குக் கொடுத்த மூன்று மாதமும் அதற்குள் ஓடிவிட, இன்னும் மூன்று மாதம் கோரினிடம் கெஞ்சி வாங்கினார்.

நீதிமன்றத்திலிருந்து உறை வந்த அன்று அதைப் பிரிக்காமல் வேனுக்குக் கொண்டுவந்து வெர்னாவின் கையில் கொடுத்தார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினொன்று. இருநூற்றுப் பதினைந்து.

நடுவில் உள்ள தாள்கள் மூலத்திலேயே இல்லை, எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை என்று ஒரு எழுத்தர் ஓரத்தில் குறிப்பு எழுதியிருந்தார்.

ஹூடக் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆயிரம் பக்கம் இருக்கு அதுல. போகணும்னு இருந்தா எது போயிருந்தாலும் எனக்குக் கவலை இல்லையே."

பிணங்களின் பட்டியல் மட்டும் இருந்தது. பாவ்லிக், இடது சுரங்கவழி, பத்தொன்பதாவது அறை, பக்கத்தில் சோதனை விளக்கு.

"பாத்தியா, விளக்கு" என்றாள் வெர்னா.

"வெடிச்ச நேரத்துல அங்க இருந்தாருன்னுதான் இதுல தெரியுது. அதிகாலையிலயே சோதிச்சாரான்னு தெரியலையேம்மா."

"உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

பதிப்பகத்துக்கு எழுதினார். கடிதம் முகவரியில்லை என்று திரும்பி வந்தது. பேராசிரியர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. கடைசியில், அந்தப் புத்தகத்தைத் தட்டிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று வெர்னாவிடம் சொன்னார். அவள் ஒப்புக்கொள்வாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"எடுக்காதே" என்றாள். "கல்லறையில பேரு அழிஞ்சுபோச்சு. அவர் பேரு அச்சுல இருக்கறது இது ஒண்ணுலதான். தப்பா இருந்தாலும் இருக்கட்டும். ஆனா தப்புன்னு எழுது."

சின்னத் தாளில் தட்டச்சு செய்து அந்தப் பக்கத்தில் ஒட்டினார். கோரின் அதைப் பிரித்து எடுத்துவிட்டாள். புத்தகத்துக்குள் யாரும் எதையும் ஒட்டக் கூடாது, இன்றைக்கு உங்களை விட்டால் நாளைக்கு இன்னொருவர் வருவார் என்றாள். அவள் சொன்னது நியாயம்தான், அதனாலேயே அவருக்கு இன்னும் எரிச்சல். மிஞ்சியது தட்டில் உள்ள அட்டை. அது அவருடையது. பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினார்: "படிக்க வேண்டிய புத்தகம். 143ஆம் பக்கத்தில் ஆண்ட்ரூ பாவ்லிக்கைப் பற்றிச் சொல்லியிருப்பதற்கான ஆதாரத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. சந்தேகத்துக்குரியது."

ஒரே மாதத்தில் ஒன்பது பேர் எடுத்தார்கள். ஹூடக்கால் நம்ப முடியவில்லை. தீயணைப்பு நிலையத்தில் மீன் விருந்து நடந்த அன்று ஒருவர் வந்து அவர் கையைக் குலுக்கினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அந்தப் பக்கத்தைப் பாத்தேங்க."

"மத்த முந்நூறு பக்கம்?"

"பின்னாடி பேர்ப் பட்டியலைத் தேடினேன். அதுல எங்க ஆளுங்க யாரும் இல்லையே."

ஒன்பது பேரும் அப்படித்தான். பக்கம் 143, பிறகு பேர்ப் பட்டியலில் தங்கள் குடும்பப் பெயர், பிறகு திரும்ப நூலகம். மற்ற ஐந்து புத்தகங்களையும் கடைசி நாள் வரை ஒருவரும் தொடவில்லை. நவம்பரில் அவை உள்ளே பழைய இடத்துக்குப் போயின. நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணுக்குத் தட்டு போனது. ஆறு அட்டைகளையும் ஒரு உறையில் போட்டுக் கோரின் அவரிடமே கொடுத்துவிட்டாள். புத்தகத்தில் 143ஆம் பக்கம் முன்பு இருந்தபடியே இருக்கிறது.

அடுத்த நாள் வேனில் சுரங்கப் புத்தகத்தின் அட்டையை வெர்னாவிடம் நீட்டினார். அவள் வாங்கிப் படித்தாள். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, 'சந்தேகத்துக்குரியது' என்பதை அடித்துவிட்டு, மேலே பெரிதாக 'பொய்' என்று எழுதினாள்.

"ஆதாரம்?" என்றார் ஹூடக்.

"என் அப்பா."

மையம் வந்ததும் வெர்னா முதலில் இறங்கி உள்ளே போனாள். ஹூடக் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வண்டியின் படியிலிருந்து இறங்கினார்.

"அவ எழுதினது சரியில்லை லூத்தர்" என்றார். "அது என் கையெழுத்துக்கு மேல இருக்கு. எனக்கு அதை அடிக்கணும்."

"அடிங்களேன். அட்டை உங்களுதுதானே?"

"அவ பையில போட்டுக்கிட்டா" என்று சொல்லிவிட்டு, மையத்தின் கதவைத் திறந்து பிடிக்கும்படி என்னிடம் சைகை காட்டினார்.