அரை மணி முந்தி ஓடிய வாச்சு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் தங்கம் என்று பேர் வாங்கிய சாமான் ஒன்றே ஒன்றுதான். அது அப்பாவின் கைக்கடிகாரம். தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம், சீமைக்குக் கப்பலேறப் புறப்பட்ட வெள்ளைக்காரத் துரை, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரும் பார்க்க அதைத் தன் கையிலிருந்து கழற்றி, கங்காணியாக இருந்த அப்பாவின் கையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது 'தங்க வாச்சு'. கல்யாண வீடுகளில் அப்பா சட்டைக்கையை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வதே அதைக் காட்டத்தான்.

அதில் இன்னொரு விசேஷமும் உண்டு. துரைமார் காலத்தில் எங்கள் தோட்டத்துக்கென்று தனி நேரம் இருந்தது. ஆட்களை வெள்ளனவே மலைக்கு ஏற்றிவிட, ஆபீஸ் கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு அரை மணி முந்தி வைத்திருப்பார்கள். பெரட்டு, கொழுந்து நிறுவை, சங்கு எல்லாம் அதன்படிதான். புது நிர்வாகம் வந்து அதை நிறுத்தியது. அப்பா நிறுத்தவில்லை. சாகும்வரை அவருடைய கடிகாரம் அரை மணி முந்தியே ஓடியது.

அவருக்குப் பிறகு அதை அம்மா கட்டிக்கொண்டாள். கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கும் தம்பிக்கும் இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி அவர்கள் இந்தியாவுக்குப் போய்விட வேண்டும். இலங்கைப் பிரஜையைக் கல்யாணம் கட்டிய நான், தோட்டப் பள்ளிக்கூட டீச்சர், இங்கேயே இருக்க வேண்டும். அம்மா அம்மிக்கல்லைக்கூடப் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிக்குத் தூக்கிக் கொடுத்தாள். கடிகாரத்தை மட்டும் விட்டுப்போக மாட்டேன் என்றாள். அதிலேதான் சிக்கல். கொண்டுபோகிற தங்கத்துக்கு அளவு உண்டு, மிஞ்சினால் தலைமன்னார் சுங்கத்தில் எடுத்துக்கொள்வார்கள் என்று தோட்டமெல்லாம் பேச்சு.

ஆக, இத்தனை காலம் தங்கம் தங்கம் என்று மார்தட்டிவிட்டு, கடவுளே, தங்கமாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க அட்டன் டவுனுக்குப் பஸ் ஏறினோம். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

கடைத்தெருவில் வாச்சு திருத்தும் முஸ்லிம் நானா ஒரு கண்ணில் கண்ணாடிக் குழலை இடுக்கிக்கொண்டு, பின்மூடியைக் கத்தி முனையால் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு பட்டி கோர்க்கிற கொம்புகளைத் தடவினார்.

"இங்க பாருங்க டீச்சர். சட்டைக்கை ஒரஞ்சி ஒரஞ்சி மேல்பூச்சு போயிட்டு, உள்ளுக்குப் பித்தள தெரியுது. மூடியில தங்க முத்திரையும் இல்ல. மெல்லிசாத் தங்கத் தகடு போத்தின சாமான்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. "அப்ப வெல?" என்றேன்.

"மெசின் நல்ல சுவிஸ் மெசின்தான். ஆனா முள்ளில்லாத இந்த நம்பர் வாச்சு வந்த பொறகு இத ஆரு கேக்கிற? ஓடுற மட்டும் கட்டுங்க." சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அரை மணி கூட ஓடுதே" என்று திருகில் கை வைத்தார்.

"அதத் தொடாதீங்க நானா!" அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது தோட்டத்து மணிங்க."

திரும்பும் பஸ்ஸில் அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நெனச்சது நடந்திருக்கு, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க!"

"ஒங்கப்பா தங்கம்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரு. அந்தத் தொரை அவர ஏமாத்திட்டானே."

"தொரை தங்கம்னு சொன்னாரா?"

அம்மா யோசித்தாள். பஸ் வட்டகொடைப் பக்கம் திரும்பும்வரை யோசித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இல்ல. லயத்துல நாந்தான் சொன்னேன்."

கோச்சி ரயில் ஏறுகிறவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அட்டன் ஸ்டேஷனுக்குத் தோட்டமே வந்திருந்தது. பெண்கள் அம்மாவின் காதோரம் குனிந்து, "தங்க வாச்ச உள்ளுக்கு வச்சிக்கங்க அக்கா, சுங்கத்துல பார்த்துறப் போறாங்க" என்று குசுகுசுத்தார்கள். அம்மாவும் தலையாட்டி, மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் சுற்றி மூடிக்கொண்டாள். அந்த நடிப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. தம்பி பெட்டிகளோடு மேடையின் அந்தக் கோடிக்குப் போயிருந்தான்.

கோச்சி பத்து மணிக்கு. ஸ்டேஷன் கடிகாரம் இன்னும் பத்தைத் தொடவில்லை. அம்மா என்னை ஒதுக்குப்புறமாக இழுத்துப் போய், சேலைத் தலைப்பை விலக்கிக் கடிகாரத்தைக் காட்டினாள். அதில் பத்து தாண்டியிருந்தது.

"இங்க பாரு. இதுப்படி பார்த்தா கோச்சி போயிருச்சு. நான் இன்னும் ஒங்கிட்டதான் நிக்கிறேன்."

நான் அவள் மணிக்கட்டைக் கடிகாரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். வளைவில் கோச்சி ஊதும்வரை விடவில்லை.