மைக்காரரின் வீட்டுக் குரல்

மைக்காரருக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று பேருந்து நிலையத்துக்கு, இன்னொன்று வீட்டுக்கு. நிலையத்துக் குரலை ஊரே கேட்டிருக்கிறது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவர் ஆரம்பித்தால் அழுகிற குழந்தைகூட ஒரு நொடி நிறுத்திவிட்டு அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்க்கும். அப்படி ஒரு கனம், நிதானம், இஸ்திரி போட்ட மாதிரி ஒரு மடிப்பு. வீட்டுக் குரலோ, ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! கீச்சென்று மேலே ஏறும், பாதியில் சிரிப்பாக உடையும், கோபம் வந்துவிட்டால் சொற்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வரும். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வந்தன என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நிலையத்தில் அவருக்கு ஒரு கண்ணாடி அறை. ஒரு நாற்காலி, ஒரு மேஜை விசிறி, எந்த வண்டி எந்த நடைமேடை என்று சாக்பீஸால் எழுதிய பலகை. மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்ததும் முதுகு நிமிரும், தாடை உள்ளே போகும், குரல் ஒரு படி இறங்கும். பழக்கம் முற்றி வியாதியாகவே ஆகிவிட்டது. யாராவது போனை நீட்டிப் படம் எடுத்தாலும் அதே கதைதான். மகளின் பிறந்தநாள் வீடியோவில், "கேக் வெட்டும் நிகழ்ச்சி இன்னும் சற்று நேரத்தில் நடைபெறும்" என்று மனிதர் அறிவிக்கிறார். எதிரே நிற்பது மொத்தம் ஆறு பேர்.

அவர் மனைவி துணி ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரம் ஓட்டுகிறவள். நாள் முழுக்க இயந்திர இரைச்சலைத் தாண்டிக் கத்திப் பேசிப் பழகியவள் வீட்டுக்கு வந்தும் அதே சுருதியில்தான் பேசுவாள். இவர் அதற்கு மேல் ஒரு சுருதி ஏறுவார். விசிறியை யார் நிறுத்தாமல் போனது, ஈரத் துண்டை யார் கட்டிலில் போட்டது என்று தினமும் ஒரு சண்டை. பெரிய காரணமெல்லாம் வேண்டியதே இல்லை. சண்டை முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். குடிக்கும்போதே அடுத்தது ஆரம்பித்துவிடும்.

அப்படிப்பட்டவருக்குத்தான் தொண்டையில் புற்றுநோய் வந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பார், ஆனால் பேச்சு போய்விடும் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி ஒருவர்தான் வழி சொன்னார். "சார், ஆபரேஷனுக்கு முன்னாடி உங்க குரலைப் பதிவு பண்ணி வெச்சுக்கலாம். நான் கொடுக்கிற வாக்கியங்களைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமா படிங்க. அதை வெச்சு உங்க குரல்லயே பேசற மாதிரி செஞ்சு தர முடியும். நீங்க டைப் பண்ணா அது பேசும்."

"நான் படிக்காத வாக்கியத்தைக்கூடவா?"

"எதை வேணும்னாலும் பேசும் சார்."

மைக்காரர் வாயைப் பிளந்தார். அன்றிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் தவம்தான். மகள் ஒரு மைக் வாங்கி வந்து மாட்டிக் கொடுத்தாள். 'மழை வந்தால் குடை எடுத்துச் செல்லுங்கள்', 'மாடியில் யாரோ நடக்கிறார்கள்' என்று தலையும் வாலும் இல்லாத வாக்கியங்கள். அவர் முதுகை நிமிர்த்தி, தாடையை உள்ளே இழுத்து, ஒவ்வொன்றையும் பேருந்து புறப்படப் போகிற மாதிரியே படித்தார். இருமல் வந்து கெட்டுப்போனதும், நாக்குப் புரண்டதும், நிறுத்த மறந்து ஓடிக்கொண்டே இருந்ததும் அதே ஃபோல்டரில் சேர்ந்துகொண்டே வந்தன. அவற்றைக் குப்பை என்றார்.

பதிந்ததையெல்லாம் பத்திரமாக டி டிரைவிலும் ஒரு காப்பி போட்டு வைத்தார். அதில் அவருக்கு ஏகப் பெருமை. மனைவி அதைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்க்குதாங்க. ஒரே வீட்ல ரெண்டு ரூம். வீடே விழுந்தா எந்த ரூம்ல இருந்து என்ன?"

"வந்துட்டா, எஞ்சினியர்!"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் பென் டிரைவைச் செருகி, அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி செய்வாள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் திறந்து கேட்டதில்லை. அவர் குரல் அவளுக்குத்தான் நாள் பூராவும் இலவசமாகக் கிடைக்கிறதே! ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தாள். பழைய காப்பியின் மேல் புதிய காப்பியைப் போட மாட்டாள். ஒவ்வொரு தடவையும் புது ஃபோல்டர். ஆலையில் ஒருமுறை பெரிய பூ டிசைன் ஒன்றில் பாதி இதழ் தவறுதலாக அழிந்து, அது தெரியாமல் அந்த அரைப் பூவையே எல்லாக் காப்பிகளின் மேலும் பதிந்துவிட்டார்கள். எத்தனை இடத்தில் தேடினாலும் அரைப் பூதான் கிடைத்தது. அந்தப் பூவை அவள் மறக்கவே இல்லை.

பெயர் வைப்பதில்தான் அவளுக்குச் சாமர்த்தியம் போதாது. 'அவர்', 'அவர் புதுசு', 'அவர் கடைசி', 'அவர் நிஜக் கடைசி', 'அவர் சத்தியமா கடைசி' என்று வரிசையாக நின்றன. ஒரு நாள் எட்டிப் பார்த்த மைக்காரர் திடுக்கிட்டுவிட்டார்.

"என்னடி இது? ஆளையே அனுப்பி வெக்கிற மாதிரி பேரு வெச்சிருக்கே?"

"வாயைக் கழுவுங்க முதல்ல!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்தினம் மைக்காரர் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தார். நல்ல பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு குப்பையை எல்லாம் அழித்தார். சியில் அழித்தார், டியிலும் அழித்தார், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். எதிலும் அரைகுறை வேலை அவருக்குப் பிடிக்காது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. சில வாரங்களில் பயிற்சிப் பெண்மணி குரலைத் தயார் செய்து ஒரு டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்த முதல் நாள், மனைவியையும் மகளையும் எதிரே உட்கார வைத்துக்கொண்டு அவர் டைப் செய்தார்.

'கொஞ்சம் தண்ணி கொடு' என்றது டேப்லெட். கனமாக, நிதானமாக, மடிப்புக் கலையாமல்.

அவர் குரலேதான், அதில் சந்தேகமே இல்லை. அப்புறம் மகள் மெதுவாக, "எந்த நடைமேடைக்குப்பா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மைக்காரரும் சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்தார்.

இரண்டு மூன்று நாளில் சிரிப்பு வற்றிவிட்டது. 'துண்டு எங்கே?' என்று கேட்டால் துண்டு தாமதமாக வந்துகொண்டிருப்பது போலக் கேட்டது. 'சாப்பாடு நல்லா இருக்கு' என்றால், மனைவி எழுந்து நின்று, "சரிங்க, சந்தோஷங்க" என்றாள். அவளா! அவர் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டுப் பார்த்தார். பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். விசிறியை ஓடவிட்டு வெளியே போய்ப் பார்த்தார். பேசாமல் நிறுத்தினாள். வீடு ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி அடங்கிக் கிடந்தது. பொறுக்க முடியாமல் ஒரு காகிதத்தில், 'ஏன் திட்ட மாட்டேங்கறே?' என்று எழுதி நீட்டினார்.

அவள் அதை வாங்கிப் படித்தாள். "நீங்க பேசினா திட்டலாம். அது பஸ் ஸ்டாண்டுங்க. பஸ் ஸ்டாண்டோட எப்படிச் சண்டை போடறது?" என்றாள்.

அன்றோடு டேப்லெட் மேஜை இழுப்பறைக்குள் போனது. இனி எழுதிக் காட்டினால் போதும் என்று முடிவு செய்துவிட்டார். உயிர் இருக்கிறதே, அதுவே பெரிது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த வீட்டில் இத்தனை வருடம் வாழ்ந்த ஆள் திரும்பி வரவில்லை, அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு யாரோ வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் பட்டது.

மகள் விடவில்லை. பயிற்சிப் பெண்மணிக்குப் போன் போட்டாள். "நீங்க எதைக் கொடுத்தீங்களோ அதைத்தானே அது பேசும்? வீட்ல சாதாரணமா பேசின பதிவு ஏதாவது இருக்கா பாருங்க. கொஞ்ச நேரப் பேச்சு கிடைச்சாக்கூட முயற்சி பண்ணலாம்" என்றார் அவர். மகள் எல்லோருடைய போனையும் கவிழ்த்துக் கொட்டித் தேடினாள். எல்லாவற்றிலும் அறிவிப்பாளர்தான் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் மைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்: 'இருந்தது. மைக்கை நிறுத்த மறந்து வீட்டுப் பேச்செல்லாம் பதிவாயிருந்தது. குப்பைன்னு நானே அழிச்சுட்டேன்.'

மகள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. மனைவி மட்டும் காகிதத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"எப்ப அழிச்சீங்க?"

'ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி.'

"கம்ப்யூட்டர்லதானே அழிச்சீங்க? என்கிட்ட இருக்கறதை அழிக்கலியே?"

மைக்காரர் பேந்தப் பேந்த விழித்தார். அவள் போடுகிற புதுக் காப்பி பழையதைத் தின்றுவிடும் என்றுதான் அவர் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து போய், ஆலைக்கு எடுத்துப் போகிற பையின் உள் பாக்கெட்டிலிருந்து பென் டிரைவை எடுத்து வந்தாள். 'அவர் கடைசி', 'அவர் நிஜக் கடைசி' என்று ஒவ்வொன்றாகத் திறந்தாள். அழித்ததெல்லாம் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தது. ஒன்று விடாமல்.

ஒன்றைத் தட்டினாள். 'மழை வந்தால் குடை எடுத்துச் செல்லுங்கள்' என்றது பேருந்து நிலையம். அப்புறம் ஓர் இருமல். நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு தூரத்திலிருந்து கீச்சென்று, "ஏய் இவளே, குக்கர் கத்துதுடி! காது என்ன ஆலையிலயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டியா?" உடனே அவள் குரல், "ஏன், உங்க கால் நடக்காதா? அடுப்பு என்ன அடுத்த ஊர்லயா இருக்கு?" அதற்கு அவர் ஏதோ சொல்ல வந்து, தன் நகைச்சுவையைத் தானே தாங்க முடியாமல் வெடித்துச் சிரிக்கிறார்.

மைக்காரரின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே துளைதான் இருந்தது. வெட்டி எடுத்து எறிந்தாயிற்று, உலகத்தில் எங்கேயும் இல்லை. ஆனாலும் எதிரே அது சிரித்துக்கொண்டிருந்தது! ஒரு விரல் அளவு பிளாஸ்டிக் துண்டுக்குள், குக்கர் சத்தத்தோடு, தெருவில் போகிற வண்டியின் ஹாரனோடு, அன்றைய மாலை முழுசாக இருந்தது. அடேயப்பா, இதை என்னவென்று சொல்ல! வாழ்நாளெல்லாம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்த மனிதர், அன்றுதான் முதல்முறையாக ஒரு பதிவைக் கேட்டு நடுங்கினார். மனைவி வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். எதை இத்தனை நாள் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் என்று அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

பென் டிரைவை வாங்கிக்கொண்ட பயிற்சிப் பெண்மணிக்கு வேலை கொஞ்ச நஞ்சமில்லை. "சார், பாதிக்கு மேல மேடம் குரல்தான். உங்களைப் பிரிச்சு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு" என்று சொல்லித்தான் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தார். கேட்டுப் பாருங்கள் என்றார். மைக்காரர் அங்கே வைத்துக் கேட்க மறுத்துவிட்டார். எங்கே அதே பேருந்து நிலையம் பேசிவிடுமோ என்று பயம்.

மறுநாள் மாலை. மனைவி அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மைக்காரர் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு உருக்கமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று டைப் செய்தார், அழித்தார். மறுபடி டைப் செய்தார், மறுபடி அழித்தார். எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எரிச்சல் வந்துவிட்டது. சட்டென்று நாலு சொல்லைத் தட்டி அழுத்தினார்.

"என் கண்ணாடியை எங்கடி வெச்சே?"

கீச்சென்று, பாதியில் உடைந்து, அப்படியே அவர்.

"எடுத்த இடத்துல வெச்சாத்தானே கிடைக்கும்!" என்று அடுக்களையிலிருந்து பதில் பறந்து வந்தது. "பாத்ரூம்ல வெச்சுட்டு என் தலையை உருட்டுங்க! இந்த வீட்ல உங்களுக்குக் கண்ணு வேற, காது வேற, எல்லாம் நானேதான் இருக்கணும். கழுத்துக்குத் துணி கட்டாம காத்துல உட்காரக் கூடாதுன்னு டாக்டர் எத்தனை தடவை சொன்னாரு? யார் சொன்னா கேக்கறீங்க? மருந்து வேளையில நீங்க படுத்தின பாடு இருக்கே..."

குழாய் நின்றது.

கையில் சோப்பு நுரையோடு அவள் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். அவர் மடியைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். எங்கே மறுபடி மரியாதை கொடுத்துத் தொலைப்பாளோ என்று மைக்காரர் பயந்துபோனார். அவசர அவசரமாகத் தட்டினார்.

"நான் படுத்தினேனா? நீ போட்ட கஞ்சியைக் குடிச்சும் உயிரோட இருக்கேனே, அதைச் சொல்லு!"

"என்னது?" என்றாள் அவள். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்ததையெல்லாம் எடுத்து வெளுத்து வாங்கினாள். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் ஆலைச் சுருதியிலிருந்து இறங்கவே இல்லை. அவர் கண்ணாடியில்லாத கண்ணோடு தப்பும் தவறுமாகத் தட்டினார். தப்பும் தவறுமாகவே அது கத்தியது. கேட்டதற்கெல்லாம் அவள் பதில் வைத்திருந்தாள்.

அலுவலகத்திலிருந்து வந்த மகள் தோளில் பையோடு கதவருகே நின்றுகொண்டிருந்ததை வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தார்கள். முகமெல்லாம் நனைந்திருந்தது. அவர் பதறிப்போய், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று தட்டினார்.

"ஒண்ணுமில்லப்பா," என்றாள் அவள். "கீழ படி ஏறும்போதே கேட்டுச்சு. ரெண்டு பேர் குரலும்."