பதினெட்டு எம்.எம். பலகையும் ஒரே ஒரு ஆப்பும்

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு, கல்வராயன் மலையில் நடந்தது இது. நான் கள்ளக்குறிச்சியில் இருக்கிறேன். கட்டடக்கலைக் கல்லூரியில் ஆசிரியை. ஓர் அளவை மாற்றினால் மொத்த வடிவமும் தானே மாறும்படி கணினியில் வரைவதும், அதை இயந்திரத்தில் வெட்டி எடுப்பதும்தான் என் பாடம்.

மலையில் ஓர் அங்கன்வாடி வாசலுக்கு என் மாணவர்கள் நிழற்கூரை செய்தார்கள். பிளைவுட் சட்டங்களில் காடி என்னும் பிளவுகளை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகுவதுதான் வேலை. வெட்டுவதற்கு முன் வரைபடத்தைப் பார்த்தேன். களமருதூர் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, காடியின் அகலத்தைப் பதினாறு என்று போட்டிருந்தாள். நாங்கள் வாங்கியதோ பதினெட்டு எம்.எம். பலகை. அவள் ஏதோ சொல்ல வந்தாள்; நான் கேட்கவில்லை. கவனமில்லை என்று திட்டிவிட்டு, நானே பதினெட்டாக மாற்றினேன். என் மகள் வயதுப் பிள்ளைகள் அதன் கீழே உட்காரப் போகிறார்களே என்று மூன்று முறை சரிபார்க்கவும் செய்தேன்.

மலையில் பொருத்தியபோது ஒவ்வொரு மூட்டும் ஆடியது. பலகையை அப்போதுதான் அளந்தேன். பதினாறு! பதினெட்டு என்பது கடையில் சொல்லும் பெயர் மட்டும்தான். அவள் அளந்திருக்கிறாள், நான் அளக்கவில்லை.

"இன்னா மேடம், இந்த ஆட்டம் ஆடுது? புள்ளைங்கள இதுக்குக் கீழ உக்கார வெக்க மாட்டேங்க" என்றார் அங்கன்வாடி டீச்சர்.

எல்லார் முன்னாலும், "தப்பு என்னுது. அவ போட்டதுதான் சரி" என்றேன்.

அந்தப் பெண்தான் பேசினாள். "வுடுங்க மேடம். எல்லா எடத்துலயும் அதே ரெண்டு எம்.எம்.தான் ஜாஸ்தி. ஒரே ஒரு ஆப்பு வரைஞ்சா போதும், எல்லாத்துக்கும் செட்டாவும்."

"அடிப்பாவி, மேடமுக்கே ஆப்பு வெக்கிறியா?" என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

மிச்சப் பலகையில் அவளே வரைந்து வெட்டிய ஆப்புகளை அடுத்த சனிக்கிழமை அடித்து இறுக்கினோம். டீச்சர் ஒரு சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. "இப்ப வரச் சொல்லலாம்" என்று உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்து நிழலில் உட்கார்ந்தார்கள்.

மறுபடியும் அளக்காமல் யாரையாவது திட்டிவிடுவேனோ என்று, வகுப்புக்குள் நுழையும்போது இன்றும் எனக்குப் பயம்தான். ஆனால் நான் கெடுத்ததைச் சரிசெய்யத் தெரிந்த ஒருத்தி என் வகுப்பில்தான் படித்தாள் என்று நினைக்கும்போது, நிமிர்ந்து நடக்கிறேன்.